நொண்டிக்கு வைத்த இரை

கோழிக்குடல் வேண்டாம் என்றாள் வனக்காவலர் சந்தனமாரி. நேற்று வைத்ததை நாய்கள் தின்றுவிட்டன.

கருவாட்டுக்கும் நாய்தான் வந்தது.

செத்த வயலெலி ஒன்றைக் கூண்டின் உள்முனையில் வைத்தாள். கூடவே கொஞ்சம் இலந்தைப்பழம். கூண்டின் கம்பித் தரை தெரியாமல் மணலைத் தூவினாள்.

பன்றிக்கு யாரோ வைத்த சுருக்குக் கம்பி, நொண்டி என்று அவர்கள் அழைத்த நரியின் முன்னங்காலில் இறுகிக் கிடந்தது. கம்பியை எடுக்காவிட்டால் கால் அழுகிச் செத்துப்போகும் என்று கால்நடை டாக்டர் சொல்லியிருந்தார்.

விடிந்தபோது கூண்டு மூடியிருந்தது.

உள்ளே ஒரு நரி. நான்கு கால்களும் நன்றாக இருந்தன.

"இது நொண்டியோட சோடிதான மேடம். திறந்து விட்டுருவமா?" என்றார் உடன் வந்த காவலர் இசக்கிராஜ்.

அவள் மணலைப் பார்த்தாள். கூண்டைச் சுற்றித் தடங்கள். ஒரு கால் மட்டும் இழுபட்டிருந்தது. வந்திருக்கிறது. திரும்பத் திரும்பச் சுற்றியிருக்கிறது.

உள்ளே இருந்த நரி கம்பியைக் கடித்துக் கடித்து வாயெல்லாம் ரத்தம்.

"இன்னொரு கூண்டு கொண்டாங்க."

"அதுக்கு இரை?"

"உள்ளதான் இருக்கே."

இசக்கிராஜ் உள்ளே இருந்த நரியைப் பார்த்துவிட்டுக் கூண்டு எடுக்கப் போனார்.

இரண்டு கூண்டுகளையும் ஒட்டிப் போட்டார்கள். சோடிக்கு வெயில் படாமல் சாக்கைப் போர்த்தினாள். தண்ணீர் வைத்தாள். அது குடிக்கவில்லை.

பகல் முழுக்க ஊளையிட்டது. தூரத்தில் நின்ற ஜீப்பில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தாள். அப்படியும் கேட்டது.

பொழுது சாயும்போது, இரண்டாவது கூண்டின் கதவு விழுந்தது.

டாக்டர் மயக்க ஊசி போட்டுக் கம்பியை வெட்டினார். புண்ணைக் கழுவி மருந்து வைத்தார்.

"கால் தப்பிச்சுரும்மா. மயக்கம் தெளியட்டும். காலைல ரெண்டையும் சேத்தே விடுங்க."

காலையில் திறந்தார்கள்.

நொண்டி மெதுவாக இறங்கியது. சோடி பாய்ந்து வந்து அதன் காலை முகர்ந்தது.

மருந்து வாடை.

பின்வாங்கியது.

நொண்டி ஓடைப் பக்கம் நடந்தது. மற்றது நின்று பார்த்தது. பிறகு அதுவும் போனது, நிறைய இடம் விட்டு.

"வாடை போனா சேந்துரும் மேடம்."

சந்தனமாரி பார்த்துக்கொண்டே நின்றாள். ஓடை வளையும் இடம்வரைதான் கண்ணுக்குத் தெரிந்தது.

அதுவரை அந்த இடைவெளி குறையவில்லை.