கதிரே சாமா

அட்டையைத் திருப்பிப் பார்த்தவன் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

புத்தாண்டு வாழ்த்து. பக்கத்து வீட்டு ஹருனா அனுப்பியது. இடையில் இருப்பது ஒரே ஒரு சுவர். ஆனாலும் தபாலில்தான் வரவேண்டும். ஜப்பானில் அதுதான் முறை.

முகவரியில் அவன் பெயர், அவள் கையெழுத்தில்.

கதிரே சாமா.

'சாமா' கடிதத்தில் போடும் மரியாதை. பேச்சில் அதுவே 'சன்'. நம் 'ங்க' மாதிரி. அதெல்லாம் அவனுக்குத் தெரியும்.

ஆனால் 'கதிரே' யார்?

அவன் பெயர் கதிரேசன்.

அலுவலகத்தில் எல்லாருக்கும் அவன் 'கதிரேசன் சன்'. இந்தக் கனாசவா நகரத்திலேயே வெறும் 'கதிரேசன்' என்று கூப்பிட்டவள் இவள் ஒருத்திதான்.

சன் போடாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மனதுக்கு நெருங்கியவர்களை மட்டும்தான் என்று அலுவலகத்தில் யாரோ சொல்லிவைத்தார்கள். அன்றே அஸ்திவாரம் போட்டுவிட்டான். பதினோரு மாதம். பேருந்து நிறுத்தத்தில் அவள் "கதிரேசன்!" என்று கையசைக்கும் ஒவ்வொரு காலையும் மனக்கோட்டைக்கு ஒரு மாடி ஏறியது.

இன்று அவளோடு கோவிலுக்குப் போவதாக ஏற்பாடு. அங்கே வைத்துச் சொல்லிவிடுவது என்று முடிவே செய்திருந்தான்.

இப்போதுதான் புரிகிறது. குடிவந்த அன்று இந்த ஊர் வழக்கப்படி ஒரு துண்டை அவளிடம் நீட்டி, "நான் கதிரேசன்" என்றான். இங்கே யாரும் தன் பெயருக்குத் தானே சன் போட்டுக்கொள்வதில்லை. பாவம், வெளிநாட்டுக்காரர், தெரியாமல் போட்டுக்கொள்கிறார் என்று நினைத்திருப்பாள்.

பெயர் கதிரே. மிச்சம் மரியாதை.

பதினோரு மாதமும் அவள் அவனை 'ங்க' போட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

கோட்டையில் ஒரு செங்கல்கூட மிஞ்சவில்லை.

பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினாள். நீலக் கிமோனோ. அழகாக வேறு இருந்தாள்.

வழியெல்லாம் அவன் பனியைப் பற்றியே பேசினான்.

ஆண்டின் முதல் வழிபாட்டுக்கு ஊரே வந்திருந்தது. படிக்கட்டு நெடுக வரிசை. ஒரு குடும்பத்துக்கு வழிவிட்டு நின்றதில் அவன் மேலே போய்விட்டான், அவள் கீழே எங்கேயோ. அவனும் தேடவில்லை. இப்படியே வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருந்தது.

"கதிரே!"

பயந்த குரல்.

"கதிரே!"

ஊரில் அவன் கதிர். அம்மாவுக்குக் கதிரேசா. கதிரே என்று இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. பாட்டில் சூரியனை அழைப்பதென்றால் அப்படி அழைக்கலாம்.

எல்லாரிடமும் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டபடியே படியேறி வந்தாள். வந்ததும் அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் கத்தியது நினைவுக்கு வந்ததோ என்னவோ, இன்னொரு கையால் வாயைப் பொத்தினாள். காது வரை சிவந்துவிட்டது.

"மன்னிச்சிடுங்க. அவசரத்துல சன் விட்டுப்போச்சு."

தன் முழுப்பெயரைச் சொல்ல வாயெடுத்தான். சொன்னால் இவளுக்கும் 'கதிரேசன் சன்' ஆகிவிடுவான்.

"விட்டது விட்டதாவே இருக்கட்டும்."

பிடித்த கையை அவள் எடுக்கவில்லை.

வரிசை ஒரு படி நகர்ந்தது. இன்னொரு படி.

சன்னதி வந்துவிட்டது. முன்னால் ஒரு முதியவர் கைதட்டிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அடுத்தது இவர்கள்தான். தோளோடு தோள் உரசும் இடம். இங்கே யாரும் தொலைந்துபோக முடியாது. யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

"கதிரே" என்றாள், மெதுவாக.