திறந்த நாக்கு

எடை குறைக்கவென்று அருளானந்தத்தின் நாக்கில் மின்னணுச் சில்லு பதித்து எட்டு மாதமாகிறது. அன்றிலிருந்து எதைத் தின்றாலும் தவிட்டை மெல்வதுபோல்தான். மாதத்தில் ஒரே ஒரு மணி நேரம், அவர் அதற்கான பொத்தானை அழுத்தினால், நாக்கு திறக்கும். எல்லா ருசியும் தெரியும்.

இந்த மாதத்து மணி நேரத்தை மகள் மஞ்சரிக்கென்று வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அவளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம், இன்னும் குழந்தையில்லை. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் முடிவு சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் மஞ்சரி அழுகையும் சிரிப்புமாக வீட்டுக்குள் ஓடி வந்தாள்.

“உண்டாயிருக்கேன்ப்பா! நாக்கைத் திறங்க, உங்க வாய்க்குத்தான் முதல் சர்க்கரை.”

அடுக்களையில் கைக்கு அகப்பட்ட டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வந்து ஊட்டினாள். பொத்தானை அழுத்துவதுபோல் அழுத்திவிட்டு, அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“தேனா இனிக்குதும்மா.”

விரலில் ஒட்டியிருந்ததைத் தன் வாயில் வைத்த மஞ்சரியின் முகம் மாறியது.

“இது உப்புப்பா.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“எப்போ திறந்தீங்க?”

“புதன்கிழமை.”

“எதுக்குப்பா?”

“பேக்கரியில ஒரு தேங்காய் பன்னுக்கும்மா,” என்றார் அருளானந்தம். “அதுவும் முந்தின நாள் பன்.”