தலையசைக்காத கிடா

"கறி திங்கிறத விட்டதுல ஒன் ஒடம்புல ரத்தமே இல்லைனு ஆஸ்பத்திரி மிஸ்ஸி சொல்றாங்க. நீ வளர்த்த கெடாதான்டி இன்னைக்கு ஒனக்கு மருந்து!" என்று விஜயராணி மகள் தனுஜாவை அதட்டினாள்.

றக்வானைத் தேயிலைத் தோட்டத்து மாடசாமி கோயிலில் பூசாரி கிடாவின்மேல் தண்ணீர் தெளித்தார். அது சிலிர்த்துத் தலையசைத்தால்தான் வெட்டுவார்கள். மூன்று செம்பு தெளித்தும் கிடா அசையவில்லை.

"சாமி உத்தரவு தரலைங்க. அவுத்து விடுங்க!" என்றார் பூசாரி.

தனுஜாவுக்கு மூச்சு வந்தது. குளிர்ந்தால்தானே சிலிர்க்கும்? பூசாரியின் குடத்தில் யாருக்கும் தெரியாமல் வெந்நீரைக் கலந்தவள் அவள்தான்.

அப்பா யோகராஜ் சாமி முன் விழுந்தார்.

"எங்க வீட்டுல என்னமோ குத்தம் நடந்திருக்கு, மன்னிச்சிரு சாமி! அடுத்த வெள்ளிக்கிழமை வேற ரெண்டு கெடா வெட்டுறேன்!"

தனுஜா பதறி வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் அவளுடைய கிடாவை இப்போதே வெட்டுவார்கள்.

திறந்த வாயை மூடிக்கொண்டாள்.