வெள்ளிக்கிழமை எடை

உஸ்பெகிஸ்தானின் ஜிஸாக் நகரில் முதல் பனி விழுந்த வாரம் சுல்பியா தன் ஆமையை வைக்கோல் நிரப்பிய பெட்டியில் குளிர்காலம் முழுக்கத் தூங்க வைத்து, மூடியை டேப்பால் ஒட்டி, பால்கனியில் வைத்தாள். ஆமை வளர்ப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை. ஏப்ரலில் கணவன் ராவ்ஷனைப் புதைத்த கபருக்குப் போனபோது, அது இருக்கும், துலிப் பூத்த செம்மண் மலைச்சரிவில் கிடைத்தது.

“கபர்ஸ்தான்லேர்ந்து ஒரு கல்லைக்கூட வீட்டுக்குக் கொண்டாரக் கூடாதுடி,” என்றாள் பக்கத்து வீட்டு மாவ்லுதா.

“ஆமை என்ன கல்லா அக்கா?”

“சரி, கொண்டாந்துட்டே. வெள்ளிக்கு வெள்ளி எடை பாரு. தூங்கத் தூங்க எடை குறையும்.”

முதல் வெள்ளியன்று அறுநூற்று நாற்பது கிராம். ஜனவரியில் அறுநூற்று எண்பது. சுல்பியா தராசில் ஒரு கிலோ அரிசிப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தாள். சரியாக ஒரு கிலோ காட்டியது.

பிப்ரவரியில் ஆமையின் நகங்களில் ஈரச் செம்மண் இருந்தது. வாயோரம் வாடாத துலிப் இதழ் ஒன்று ஒட்டியிருந்தது.

“இப்பவே கொண்டுபோய் மலையில விட்டுடு,” என்றாள் மாவ்லுதா.

“முழங்கால் பனியிலயா?”

போன குளிர்காலத்தில் ராவ்ஷன் கால் சில்லிடுகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்த கம்பளிக் காலுறைகளை, அவன் போன பிறகுதான் அவள் பின்னி முடித்திருந்தாள். அவற்றை ஆமையின் பக்கத்தில் வைத்துப் பெட்டியை ஒட்டினாள்.

அடுத்த வெள்ளியன்று டேப் ஒட்டியபடியே இருந்தது. ஆமை தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு காலுறைகளில் ஒன்றுதான் இருந்தது.

அவள் அதை எடுக்கவில்லை. ஆமையின் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டுப் பெட்டியை மூடினாள்.