எசேக்கியாவின் ஜெபம்

மாமியார் எப்சிபாவுக்குக் காது முழுதும் அடைத்துப்போன பிறகுதான், இந்த வீட்டுக்கு வந்து ஞானஸ்நானம் எடுத்த பிரம்மசக்தி, வேதத்திலிருக்கும் ஜெபங்களை மனப்பாடம் செய்யத் தொடங்கினாள். சொந்த வார்த்தையில் ஜெபித்தால் படுக்கையில் கிடக்கும் கிழவிக்குப் பிடிபடாது. அன்னாளுடையது, யோனாவுடையது என்றால் மருமகளின் உதட்டசைவைப் பார்த்தே கூடவந்து, சரியான இடத்தில் ஆமென் சொல்லிவிடுவாள். சாகக்கிடந்த எசேக்கியா ராஜா சுவர்ப்புறம் திரும்பி அழுத ஜெபம் மட்டும் தினமும் வேண்டும். "ஏட்டி, ராசாவுக்கு ஆயுசக் கூட்டிக் குடுத்தவரு எனக்குத் தரமாட்டாரா?" என்பாள்.

அன்று விடிந்ததிலிருந்து மூன்றாவது முறையாகப் படுக்கை நனைந்திருந்தது. கிழவியைத் துடைத்து, பீரோவைப் பார்க்க ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஈர விரிப்பை உருவும்போது பிரம்மசக்தியின் வாயில் எலியாவின் ஜெபம் வந்தது. சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று அந்தத் தீர்க்கதரிசி கேட்ட ஜெபம். அவள் தன் உயிரைச் சொல்லவில்லை, அத்தையின் உயிரைச் சொன்னாள். கண்ணை மூடி, சத்தமில்லாமல், உதடு மட்டும் அசைய. முதுகு காட்டிக் கிடக்கிறவளுக்கு என்ன தெரியப்போகிறது?

"ஆமென்" என்றாள் எப்சிபா, சரியான இடத்தில்.

பிரம்மசக்தி நிமிர்ந்தாள். பீரோக் கண்ணாடிக்குள்ளிருந்து கிழவியின் கண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

"அத்தே, இன்னும் முடிக்கல அத்தே" என்று பதறி, எசேக்கியாவைத் தொடங்கினாள்.

கிழவி கண்களை மூடிக்கொண்டாள்.