ஆர்டிஸின் கைப்பை

“எந்த மகராசிடி அவளுக்கு வலி மாத்திரை குடுத்தது?”

ஆஸ்பத்திரி வராந்தா என்றுகூடப் பார்க்காமல் வெல்மா கத்தினாள். வயது எண்பது. சர்ச் சமையலறையில் முப்பது வருஷமாக அவள் வைத்ததுதான் சட்டம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஐந்து பெண்களும், உடுப்பில் அப்பிய மாவோடு தரையைப் பார்த்தார்கள்.

அவர்களில் ஒருத்தியான டார்லா தன் கைப்பையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். கொஞ்சம் அசைந்தாலும் உள்ளே இருக்கும் மாத்திரை பாட்டில் கலகலத்துக் காட்டிக்கொடுத்துவிடும். மடியில் இன்னொரு கைப்பை. அது உள்ளே கட்டிலில் கிடக்கும் சிநேகிதி ஆர்டிஸுடையது.

சர்ச் விருந்துக்கு நானூறு பேர் வருவார்கள். மூன்று நாளாக லெஃப்சே என்கிற மெல்லிய உருளைக்கிழங்கு ரொட்டி தேய்க்கிறார்கள். சிமென்ட் தரையில் பொழுதுக்கும் நின்றால் யாருக்குத்தான் இடுப்பு விட்டுப்போகாது? ஆர்டிஸுக்கு முழங்காலும் சேர்ந்து படுத்தியது. வாய்விட்டுச் சொல்லுகிற ஆளா அவள்! “பரவால்ல, பரவால்ல” என்று சிரித்தபடியே தேய்த்தாள்.

டார்லாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. தினமும் காலையில் காப்பியோடு இரண்டு மாத்திரையை ஆர்டிஸின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். சீட்டே கேட்காமல் கடையில் விற்கிற மாத்திரைதானே?

இன்று மத்தியானம், ரொட்டிக் கல்லுக்குப் பக்கத்திலேயே ஆர்டிஸ் வாந்தி எடுத்தாள். காப்பித்தூளைக் கரைத்த மாதிரி கறுப்பாக. அப்படியே சரிந்தாள்.

“வயித்துல புண். ரத்தம் கசியுது, நிக்கல,” என்று டாக்டர் இப்போதுதான் சொல்லிவிட்டுப் போனார். “ஏற்கெனவே ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாங்க. அதோட வலி மாத்திரையும் சேர்ந்திருக்கும்னு சந்தேகப்படறேன்.”

ஆர்டிஸை மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்குக் காரில் கூட்டிப்போவதே டார்லாதான். அது இதயத்துக்கு, இது முழங்காலுக்கு என்றுதான் நினைத்திருந்தாள். இரண்டும் போய்ச் சேருவது ஒரே உடம்பில் என்று ஏன் தோன்றாமல் போயிற்று?

“கூட ஒருத்தர் வாங்க,” என்று டாக்டர் மறுபடி வந்து கூப்பிட்டார். டார்லா எழுந்து போனாள்.

கட்டிலில் ஆர்டிஸ் வெளுத்துப் போய்க் கிடந்தாள்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. வலிக்கு ஏதாவது சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார் டாக்டர்.

“ஒண்ணும் சாப்பிடல டாக்டர்,” என்றாள் ஆர்டிஸ். போர்வைக்கு அடியில் டார்லாவின் விரலைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள்.

நீ வாயைத் திறக்காதே என்று அதற்கு அர்த்தம். ஒரு நிமிஷம் அந்தப் பொய் டார்லாவுக்கு இதமாகத்தான் இருந்தது. பேசாமல் வெளியே வந்தாள்.

பின்னாலேயே வந்த டாக்டர் நர்ஸிடம் சொல்வது காதில் விழுந்தது. “என்ன மாத்திரை, எவ்வளவு உள்ள போயிருக்குன்னே தெரியல. இருட்டுல தேடற மாதிரி இருக்கு.”

“நான்தான் குடுத்தேன் டாக்டர்!”

வராந்தாவே திரும்பியது. டார்லா பாட்டிலை எடுத்து நீட்டினாள். உள்ளே மாத்திரைகள் கலகலத்தன.

“அடிப்பாவி!” என்று பாய்ந்தாள் வெல்மா. “கூடவே இருந்து குழி பறிச்சிட்டியே! அவ புருஷன் மூஞ்சியில எப்படிடி முழிப்ப?”

டார்லா அழுதாள்.

டாக்டர் பாட்டிலைப் படித்துப் பார்த்தார். “தினம் எத்தனை?”

“காலையில ரெண்டு. மூணு நாளா.”

“இருக்காதே. ரெண்டே ஆகாதுதான். ஆனா சிறுநீரகம் வரைக்கும் அடிவாங்கியிருக்கு. இதைவிட நிறைய உள்ள போயிருக்கணும். வேற யார் குடுத்தது?”



திறந்திருந்த வெல்மாவின் வாய் மூடிக்கொண்டது. மெதுவாகத் தன் கைப்பையைத் திறந்தாள். நீலநிறப் பாட்டில் ஒன்று வெளியே வந்தது.

“நான் குடுத்தது முதுகுவலி மாத்திரை. மத்தியானம் மட்டும்,” என்றாள் குரல் உள்ளே போய். “அவ குடுத்தது முட்டிவலிக்கு. இது வேறல்ல?”

“பேரும் நிறமும்தான் வேறம்மா. வயித்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

பெஞ்சின் கோடியில் ஒரு கைப்பை ஜிப் திறக்கும் சத்தம். “மூணு மணிக்கு, தலைவலிக்குன்னு நான் ஒண்ணு…” அப்புறம் இன்னொரு ஜிப். “வீட்டுக்குக் கிளம்பும்போது நான்…” அப்புறம் மற்ற இரண்டும்.

ஒருத்தி கொடுத்தது மற்றவளுக்குத் தெரியாது. ஒருத்தியிடமும் வேண்டாம் என்று சொல்ல ஆர்டிஸுக்கு மனசு வரவில்லை.

டாக்டர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு உள்ளே ஓடினார். ஒரு மணி நேரம் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோதுதான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

“ரத்தக் கசிவு நின்னுடுச்சு. பொழைச்சுக்குவாங்க. அவங்க பையையும் காட்டுங்க. அதுலயும் ஏதாவது இருக்கும்.”

டார்லா ஆர்டிஸின் கைப்பையை மடியில் கவிழ்த்தாள். ஒரு சீப்பு, கைக்குட்டை, இரண்டு புதினா மிட்டாய். கூடவே, ஆர்டிஸின் கோணல்மாணல் எழுத்தில் நாலாக மடித்த ஒரு துண்டுச் சீட்டு.

‘வலி மாத்திரை கூடவே கூடாது - டாக்டர். வீட்டிலிருந்ததை எல்லாம் தூக்கிப் போட்டாச்சு.’

வராந்தாவில் இருந்த ஏழு கைப்பைகளில் வலி மாத்திரை இல்லாதது அது ஒன்றுதான்.