கழட்டிக் காட்டச் சொல்லுங்க

"இதெல்லாம் பிள்ளையளே செஞ்சதுன்னு நம்புதீயளா மேடம்?"

தளவாய் சாருக்குக் கோபம் வந்தால் வாயில் திருநெல்வேலி வந்துவிடும். நடுவர் மேடத்தின் முன்னால் நின்றுகொண்டு அவர் இப்படிக் கேட்டதும் ஹாலில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே. காலையிலிருந்து அவருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

ஒரகடம் பக்கத்தில் ஒரு காலேஜ் ஹால். பூமி சூடாவதைத் தடுக்க மாணவர்களின் கண்டுபிடிப்புப் போட்டி. நடத்துவது ஒரு பெரிய கம்பெனி. முதல் பரிசு எதற்குக் கிடைக்கிறதோ, அதை அந்தப் பள்ளிக்கூடத்திலேயே தங்கள் செலவில் நிஜமாக அமைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அரசுப் பள்ளி அறிவியல் வாத்தியாரான தளவாய், ஒன்பதாம் வகுப்பு ரஞ்சனியைக் கூட்டிக்கொண்டு, மாடலை மடியில் வைத்தபடி ஷேர் ஆட்டோவில் வந்திருந்தார்.

ஒன்பதாம் வகுப்பு நடப்பது தகரக் கொட்டகையில். 2012-ல் கரண்ட் கட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மத்தியானம் ஃபேன் நின்றால் உள்ளே உட்கார முடியாது. போன வாரம் இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள்.

கம்பெனிக் கூரைகள் மேல் உருண்டையாக ஒன்று சுற்றிக்கொண்டிருக்குமே, கரண்டே இல்லாமல் உள்ளிருக்கும் அனலை வெளியே தள்ளும் சுழலி, அதைப் பழைய தகரத்தில் செய்து கொட்டகைக்குப் போடலாம் என்பது ரஞ்சனியின் யோசனை. பிள்ளைப்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது தினமும் பார்த்துப் பார்த்து அவளுக்குத் தோன்றியது.

இங்கே வந்து பார்த்தால் மற்ற ஸ்டால்களில் வேறு கூத்து.

ஒரு ஸ்டாலில் அப்பா கீழே குனிந்து ஒயர் மாட்டிக்கொண்டிருந்தார், மகன் பஃப்ஸ் தின்றுகொண்டிருந்தான். இன்னொன்றில் மெஷினில் வெட்டியது போல வழவழவென்று தகடுகள். உள்ளே என்ன இருக்கிறது தம்பி என்று சார் கேட்டதற்கு, "அங்கிள்தான் சொல்லுவாரு" என்றது பிள்ளை. அந்த அங்கிள் ஏதோ ஒரு கம்பெனி அடையாள அட்டையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு பின்னாலேயே நின்றார்.

கோபம் வராதா பின்னே?

"நோகாம நொங்கு திங்க வந்திருக்கானுவ மேடம். கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளை இவங்களோட எப்படிப் போட்டி போடும்?"

"என்ன பண்ணலாம்ங்கிறீங்க?" என்றார் மேடம்.

"கழட்டிக் காட்டச் சொல்லுங்க. திரும்ப மாட்டச் சொல்லுங்க. தான் செஞ்சதைத் தனக்கே மாட்டத் தெரியாதா?"

மேடத்துக்கு இது பிடித்துவிட்டது. மைக்கை வாங்கி அறிவித்தார். பெற்றோரும் ஆசிரியர்களும் பத்தடி தள்ளி நிற்க வேண்டும். ஆளுக்குக் கால் மணி நேரம்.

அப்புறம் பார்க்கணுமே. பஃப்ஸ் பையன் நாலு ஸ்குரூவைக் கழற்றிவிட்டு, கழற்றியதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு பெண் அப்பாவைத் தேடி அழுதாள். இரண்டு பேருக்கு வயிற்று வலி வந்தது. அங்கிள் டீ குடிக்கப் போனவர் திரும்பி வரவில்லை. தளவாய் சாருக்கு இளநீர் குடித்த மாதிரி இருந்தது.

"அடுத்து, ஸ்டால் பதினேழு. ரஞ்சனி."

அப்போதுதான் சாருக்குச் சுருக்கென்றது.

யோசனை ரஞ்சனியுடையதுதான், சந்தேகமில்லை. ஆனால் அவள் செய்து எடுத்து வந்தது பவுடர் டப்பாவும் பேனா முனையுமாகக் கோணல்மாணலாக இருந்தது. இதைக் கொண்டுபோனால் ஸ்கூல் மானம் போய்விடும் என்று அதை ஓரமாக வைத்துவிட்டு, மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து புதிதாக ஒன்றைச் செய்தவர் சாரேதான். அறுத்தது, ஒட்டியது, சுழலியை மூடும் கூண்டுக்குப் பச்சை பெயின்ட் அடித்தது எல்லாம் அவர். ரஞ்சனி பக்கத்தில் நின்று பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

ஊரையெல்லாம் திட்டும்போது இது எப்படி ஞாபகத்துக்கு வரவில்லை? வராது. யாருக்கும் வராது.

தன் வாயாலேயே பிள்ளைக்குக் குழி பறித்தாகிவிட்டது. கொட்டகையில் வேகிற நாற்பது பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். ஓடிப்போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தார். ஆனால் நின்ற இடத்திலேயே நின்றார்.

ரஞ்சனி நிதானமாக மாடல் கொட்டகையின் கூரைமேல் இருந்த கூண்டைக் கழற்றினாள். உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாகப் பிரித்து மேஜையில் வைத்தாள். மேடம் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு ஏதேதோ கேட்டார். அவளும் கையை ஆட்டி ஆட்டிப் பதில் சொன்னாள். பத்தடி தள்ளி நின்ற சாருக்கு ஒன்றும் கேட்கவில்லை, மேடத்தின் முதுகு மறைத்ததில் மேஜையும் தெரியவில்லை. எட்டே நிமிஷத்தில் மறுபடி மாட்டி, கீழே மெழுகுவத்தியை ஏற்றி வைத்தாள். அந்தச் சூட்டிலேயே சுழலி சுற்றியது. ஹாலே கை தட்டியது.

முதல் பரிசு அவளுக்குத்தான்.

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. கொஞ்சம் பெருமையும் வந்துவிட்டது.

"எப்படிம்மா? நான் செய்யையில இம்புட்டு கவனமாவா பாத்துக்கிட்டு இருந்த?"

ரஞ்சனி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"நீங்க செஞ்சது, வாயால ஊதுனாதான் சுத்துச்சு சார், அனலுக்குச் சுத்தவே இல்ல. அதான் போன வாரமே பிரிச்சுட்டு, உள்ள என்னுதையே வச்சுட்டேன். உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு, நீங்க பெயின்ட் அடிச்ச கூண்டை மட்டும் மேல அப்படியே வுட்டுட்டேன் சார்."